புகழ்மலர் வரலாறாகாது

பேராக் மாநிலத்தில் ஒரு கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தால் ஒரு மலர். ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் பொன்விழா வந்தால் ஒரு மலர். ஒரு சங்கத்திற்கு இருபத்தைந்து ஆண்டு நிறைந்தால் அதற்கும் ஒரு மலர். மலரைத் திறந்தால் முதற்பக்கங்களில் வாழ்த்துச் செய்திகள். அடுத்து மாலையணிந்த தலைவர்களின் படங்கள். அதற்கடுத்து நன்கொடையாளர் பட்டியல். கடைசியில் வணிக விளம்பரங்கள். இவற்றுக்கு இடையில், இரண்டு பக்கத்திற்கு மிகாமல், 'எங்கள் வரலாறு' என்றொரு கட்டுரை. அக்கட்டுரையில் தோட்டத்தைத் திறந்த துரையின் பெயர் இருக்கும். கோயிலுக்கு நிலம் தந்த முதலாளியின் பெயர் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் பெயர்கள் வரிசை பிறழாமல் இருக்கும். காட்டை அழித்தவன், கன்று நட்டவன், மலேரியாக் காய்ச்சலில் மாண்டவன், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் பெரட்டுக்கு ஓடியவள் ஆகியோரின் பெயர்கள் மட்டும் இரா. இதைத்தான் இச்சமுதாயம் வரலாறு என்று நம்பி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறது.

புகழ்மலர் வரலாறாகாது. வாழ்த்துவதற்காக எழுதப்பட்டது வாழ்த்தாக மட்டுமே நிற்கும். நடந்தது யாது, யார் செய்தார், யாருக்குச் செய்தார், ஏன் செய்தார் என்னும் வினாக்களுக்கு அஞ்சாமல் விடை கூறுவதே வரலாறு. அத்தகைய வரலாறு பேராக்கின் கித்தாத் தோட்டங்களைப் பற்றித் தமிழில் மிகச் சிறிதே உண்டு. ஏன் என்று கேட்டால் இரண்டு சமாதானங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. "வரலாறு எழுதுவது பல்கலைக்கழகத்தார் வேலை, பாமரர்க்கு அங்கென்ன வேலை?" என்பது ஒன்று. "சிறுபான்மைச் சமுதாயம் தன் குறையைத் தானே சந்தியில் வைக்கலாமா?" என்பது மற்றொன்று. முன்னது சோம்பலின் குரல். பின்னது அச்சத்தின் குரல். இவ்விரண்டையும் ஒருங்கே பொய்யாக்கிய ஒரு வாழ்க்கை உண்டு. அது தமிழரின் வாழ்க்கையன்று, மலாயாவில் நடந்ததுமன்று. அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்தில், மோர்மன் என்னும் கிறித்தவப் பிரிவினரிடையே பிறந்து வளர்ந்த ஜுவானிட்டா புரூக்ஸ் என்னும் பெண்மணியின் வாழ்க்கை அது. ஈப்போவில் வாழும் தமிழன் அதை ஏன் அறிய வேண்டும் என்று கேட்பவர் சற்றே பொறுத்துப் படித்தல் நலம்.

மோர்மன் சமயம் 1830ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் தோன்றியது. அதன் நிறுவனர் ஜோசப் ஸ்மித். அக்கம்பக்கத்தார் அச்சமயத்தாரை வெறுத்தனர். 1838இல் மிசூரி மாநிலத்திலிருந்து அவர்கள் விரட்டப்பட்டனர். 1844இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் இருந்த ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. எஞ்சியோர் பிரிகாம் யங் என்பவர் தலைமையில் 1847இல் யூட்டாப் பாலைநிலத்தை அடைந்து, கழனி திருத்தி, ஊர் அமைத்து வாழத் தொடங்கினர். அடியும் உதையும் பட்டு அயல்நிலத்தில் குடியேறி உழைத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். தமிழர்க்கு இக்கதை அந்நியமானதன்று.

அம்மக்களின் வரலாற்றில் ஒரு கறை உண்டு. 1857ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆர்க்கன்சா மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு வண்டிகளில் சென்று கொண்டிருந்த குடும்பங்கள் தென் யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் என்னும் புல்வெளியில் தங்கின. அமெரிக்கப் படை தங்கள் மீது வருகிறது என்ற அச்சத்தில் அப்போது மோர்மன்கள் இருந்தனர். அவ்வட்டார மோர்மன் படையினர், பையூட் என்னும் பழங்குடியினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, அப்பயணிகளை முற்றுகையிட்டனர். பின்னர் வெள்ளைக் கொடி பிடித்துச் சென்று, ஆயுதங்களைக் கொடுத்துவிட்டால் காப்பாற்றுவோம் என்று வாக்களித்து, வெளியே அழைத்து வந்து, செப்டம்பர் 11ஆம் நாள் கொன்று குவித்தனர். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். பேசத் தெரியாத பருவத்தினர் என்று கருதி 17 சிறு குழந்தைகளை மட்டும் விட்டு வைத்தனர். செய்தவர்கள் வாய் திறப்பதில்லை என்று உறுதி பூண்டனர். பழி பையூட் மக்கள் மீது போடப்பட்டது. இருபது ஆண்டு கழித்து 1877இல் ஜான் டி. லீ என்னும் ஒருவர் மட்டும் அதே புல்வெளியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் செய்த பாவத்தை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு ஊர் அமைதியானது.

அந்த அமைதியில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் ஜுவானிட்டா. நெவாடா மாநிலத்துப் பங்கர்வில் என்னும் சிற்றூர் அவர் பிறப்பிடம். இளவயதில் அவ்வட்டாரப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, நீஃபை ஜான்சன் என்னும் முதியவர் அவரிடம் வந்தார். தம் கண்கள் கண்டதும் தம் வாய் என்றும் சொல்லாததுமாகிய சில செய்திகள் உண்டு. இறப்பதற்குள் அவற்றை எழுதி வைக்க வேண்டும். எழுதிக் கொடுப்பாயா என்பது அவர் வேண்டுகோள். இளம் ஆசிரியைக்கு வேலை மிகுதி. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார். முதியவர் சாகக் கிடக்கிறார் என்று கேட்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. நினைவு தடுமாறிய நிலையில் அம்முதியவர் இரத்தம் இரத்தம் என்று அலறியதையே அவர் கேட்க நேர்ந்தது. நீஃபை ஜான்சன் அப்படுகொலையின்போது அங்கிருந்தவர் என்பதை அதன் பின்னரே அவர் அறிந்தார். ஒரு முதியவரைக் காக்க வைத்ததால் இழந்ததைத் தேடுவதிலேயே அவருடைய எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது.

அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முதுகலைப் பட்டம் ஆங்கிலத்தில். மணமாகி ஈராண்டு நிறைவதற்குள் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்று, படித்து, செயின்ட் ஜார்ஜ் என்னும் ஊரில் சிறு கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்தவர். மறுமணத்திற்குப் பின் கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகள், தம் பிள்ளை, பின்னர்ப் பிறந்த பிள்ளைகள் என்று பெரிய குடும்பத்தைக் கட்டிக் காத்தவர். 1930களில், முன்னோடிக் குடியேறிகள் எழுதி வைத்த நாட்குறிப்புகளை வீடு வீடாகத் தேடிப் படியெடுக்கச் செய்தார். அண்டை வீட்டார் வந்தால் தட்டச்சுப் பொறியின் மேல் இஸ்திரிக்கு வைத்த துணிகளைப் போட்டு மூடிவிட்டு, அவர்கள் போன பின் மீண்டும் எழுதுவார் என்பர். சமயத் தலைமையகத்திலிருந்த முக்கிய வாக்குமூலங்களைப் பார்க்க அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. கிடைத்தவற்றைக் கொண்டே எழுதினார். 1950ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அவருடைய நூலை வெளியிட்டது.

அந்நூல் யாரைச் சாடியது? பையூட் மக்களைச் சாடவில்லை. லீ ஒருவரையே கொடியவராகக் காட்டவுமில்லை. கொலையைத் திட்டமிட்டு முன்னின்று நடத்தியவர்கள் உள்ளூர் மோர்மன் தலைவர்களே என்று சான்றுகளோடு காட்டிற்று. பிரிகாம் யங் அக்கொலைக்கு ஆணையிடவில்லை என்றும், நடந்தபின் உண்மையை மறைப்பதில் அவருக்குப் பங்கு உண்டு என்றும் கூறிற்று. இதனினும் முக்கியமான ஒன்றையும் செய்தது. கொன்றவர்கள் அரக்கர்கள் அல்லர். பயிரிட்டு, பிள்ளை வளர்த்து, வழிபாடு செய்து வாழ்ந்த சாதாரண மனிதர்கள். அச்சமும் பழைய வடுக்களும் மேலவர் சொல்லுக்குப் பணியும் பழக்கமும் சேர்ந்து அவர்களை அங்கே கொண்டு நிறுத்தின என்று அது விளக்கிற்று. பழி தூற்றுவோர்க்கும் வரலாறு எழுதுவோர்க்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஊரார் முகம் திருப்பினர். சமய வட்டாரத்தில் அவர் ஒதுக்கப்பட்டார். எனினும் அவர் சமயத்தை விட்டு விலகவில்லை. சமயமும் அவரை வெளிப்படையாக விலக்கவில்லை. தாம் நேசித்த சமயத்திற்குப் பொய்யைக் காவல் வைக்க வேண்டியதில்லை என்பதே அவருடைய உறுதி. 1961இல் சமயத் தலைமை லீயின் உறுப்புரிமையை அவர் இறந்து எண்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து மீட்டளித்தது. அதை வெளியிட வேண்டாம் என்று ஜுவானிட்டாவுக்குச் சொல்லப்பட்டது. லீயின் வாழ்க்கையைப் பற்றிய தம் நூலில் அவர் அதை வெளியிட்டார். 1989இல் அவர் மறைந்தார். படுகொலையின் 150ஆம் ஆண்டாகிய 2007இல் அதே சமயத்தின் தலைவர் ஒருவர் அப்புல்வெளியில் நின்று ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 2008இல் அச்சமயத்தைச் சேர்ந்த வரலாற்றாளர் மூவர், தலைமையகத்து ஆவணங்களையும் பார்த்து எழுதிய நூலை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. வழி திறந்தவர் துணி மூட்டைக்கடியில் தட்டச்சுப் பொறியை ஒளித்த இல்லத்தரசி. உண்மை வெளிவந்ததால் அச்சமயம் அழிந்துவிடவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

இனிப் பேராக்கிற்கு வருவோர், லீ சுடப்பட்ட அதே 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்பதைக் காணலாம். வேலி கட்டி, பெயர்ப்பலகை வைத்து அதைப் பாதுகாக்கிறார்கள். நட்டவர் ஹியூ லோ என்று பல நூல்கள் கூறுகின்றன. அம்மரத்தின் வழிவந்த கோடிக்கணக்கான மரங்களை வெட்டிப் பாலெடுத்த கைகள் எவருடையவை? 1910 வரை சஞ்சிக்கூலிகளாகவும், 1938 வரை கங்காணிகளால் திரட்டப்பட்டும் வந்த தென்னிந்திய மக்களின் கைகள். மரத்திற்குப் பலகை இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. பத்து காஜாவிலுள்ள கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில், 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் மாண்ட தோட்டத் துரைகளும் படையினரும் காவல் துறையினரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். ஆண்டுதோறும் அங்கே நினைவு நிகழ்ச்சி நடைபெறுகிறது. நன்று, இறந்தாரை நினைப்பது பண்பாடு. அவசரகாலத்திற்குக் காரணமான 1948 ஜூன் 16ஆம் நாள் கொலைகள் சுங்கை சீப்புட் தோட்டங்களில் நடந்தன. அங்கே மாண்ட மூன்று துரைகளின் பெயர்களும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடக் கிட்டும். அதே தோட்டங்களில் அன்று வேலை செய்த தமிழர் என்ன கண்டார், என்ன பட்டார் என்பதை எந்த நூலில் தேடுவது?

பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன மாளிகை அது. அதைக் கட்ட அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் பலர் கொள்ளைக் காய்ச்சலில் மாண்டனர். எஞ்சியோர் வேண்டியதன் பேரில் மாரியம்மன் கோயில் எழுந்தது. இன்று அங்கே செல்லும் பயணிகளுக்குச் சொல்லப்படுவன யாவை? சுரங்க வழிகள், ஆவி உலாவும் தாழ்வாரங்கள், துரையின் காதல் வாழ்க்கை. கோயிற் கூரையின் மேல் வெள்ளுடையும் தொப்பியும் அணிந்து நிற்கும் துரையின் உருவத்தைக் காட்டி வியப்போர் பலர். காய்ச்சலில் மாண்டவரில் ஒருவர் பெயரையேனும் கேட்போர் இல்லை. கேட்டாலும் சொல்வோர் இல்லை. துரையின் ஆவிக்குக் கதை சொல்ல ஆள் இருக்கிறது. தமிழனின் உடலுக்குக் கணக்குச் சொல்ல ஆள் இல்லை.

பட்டம் இல்லாதவர் வரலாறு எழுதலாகாது என்போர் ஈப்போவையே திரும்பிப் பார்க்கட்டும். ஈயம் கொழித்த காலத்து ஈப்போவைப் பற்றி 2009இல் பெருநூல் வெளியிட்டவர் ஹோ தாக் மிங். அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர், மருத்துவர். பத்து காஜாவைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். தமிழர் பக்கத்திலும் சான்று இல்லாமலில்லை. தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா 1978இல் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதியபோது எந்தப் பல்கலைக்கழக இருக்கையும் அவருக்குப் பின்னால் இல்லை. பள்ளி ஆசிரியர் முரசு நெடுமாறன் பல்லாண்டு தேடித் திரட்டி 1997இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை வெளியிட்டார். இலக்கியத்திற்கு இப்படி ஆள் கிடைத்தது. இலக்கியத்தை எழுதிய மக்களின் வாழ்க்கைக்குக் கிடைக்கவில்லை. பட்டம் தடையன்று, மனமே தடை.

ஆனால் பட்டம் வேண்டாம் என்பது ஒழுங்கும் வேண்டாம் என்பதாகாது. இங்கேதான் இன்னொரு கூட்டத்தாரைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. மேடை ஏறினால் கடாரம். பேனா பிடித்தால் கடாரம். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கப்பற்படை அனுப்பினான் என்பது கல்வெட்டால் தெளியும் உண்மை. அதில் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மன்னனின் படையெடுப்பை நாள்தோறும் முழங்குபவர், எண்பது ஆண்டுக்கு முன் தம் பாட்டனார் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், எந்தக் கங்காணியின் கீழ் இருந்தார் என்று கேட்டால் விழிக்கிறார். அரசனின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்வது எளிது. கூலியின் பேரன் என்று சான்று காட்டுவதற்கு உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சுவோரே மன்னர்களின் பின்னால் ஒளிகின்றனர்.

இனி இரண்டாவது சமாதானம். சொந்தக் குறையை ஏன் கிளற வேண்டும் என்னும் கேள்வி, சயாம் மரண ரயிலைப் பற்றிப் பேசும்போது கூர்மையடைகிறது. 1942இலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஜப்பானியர் பாதை போட்டனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மாண்டோர் தொகையில் ஒரே கணக்கு இன்றுவரை இல்லை; பல்லாயிரவர் என்பதில் மட்டும் ஐயமில்லை. அதே பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தான்பியூசாயாவிலும் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழனுக்குப் பெயரில்லாத காட்டு மண் உண்டு. ஆர். சண்முகம் 1993இல் அத்துயரைப் புதினமாக்கினார். அது போற்றத்தக்க பணி. ஆனால் புதினம் செய்ய இயலாத பணி ஒன்று எஞ்சி நிற்கிறது.

இத்தனை பேரை ஜப்பானியன் எவ்வாறு அறிந்தான்? எந்த லயத்தில் எந்த வீட்டில் வேலைக்கேற்ற ஆள் எத்தனை என்று அவனுக்கு யார் சொன்னார்? தோட்டத்துப் பேரேடு கிராணியின் கையில் இருந்தது. ஆள் திரட்டும் பழக்கம் கங்காணிக்கு இருந்தது. இத்தனை பேர் வேண்டும் என்று ஆணை வந்தபோது பட்டியல் எழுதிய கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன என்று முதியோர் சொல்வது தோட்டப்புறத்தில் புதிய செய்தியன்று. அச்சத்தால் எழுதியவர் உண்டு. தம் மகனைக் காப்பாற்ற அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதியவர் இருந்திருக்கலாம். வேண்டாதவரை ஒழித்துக் கட்ட எழுதியவரும் இருந்திருக்கலாம். பட்டியல் வருவதை முன்கூட்டிச் சொல்லிக் காட்டுக்குள் ஒளிய வைத்தவரும் இருந்திருக்கலாம். எவர் எத்தகையவர்? திண்ணையில் பேசப்படும் இச்செய்தி மலர்களில் ஏறுவதே இல்லை. ஏனெனில் அப்பட்டியலை எழுதியவரின் பேரர்களும் அப்பட்டியலில் ஏறியவரின் பேரர்களும் இன்று ஒரே கோயிற்குழுவில் அமர்ந்திருக்கின்றனர்.

மவுண்டன் மெடோஸ் ஊர்களின் நிலையும் இதுவேயன்றோ? அங்கும் கொன்றவரின் பேரர்கள் ஒரே தேவாலயத்தில் அமர்ந்திருந்தனர். அவர்களும் துன்பப்பட்ட இனம். துன்பப்பட்டோம் என்னும் நினைவே, செய்த துன்பத்தைக் காணவிடாமல் கண்ணை மறைத்தது. தமிழரும் அவ்வாறே. வெள்ளையன் சுரண்டினான், ஜப்பானியன் கொன்றான் என்பவை உண்மை, பெரும்பழி அவர்களுடையதே. ஆனால் தலைக்காசு வாங்கிக்கொண்டு தன் ஊராரைக் கடனில் கட்டி வைத்த கங்காணி எந்த இனம்? ஒரே கப்பலில், ஒரே பசியோடு வந்தவர்களை இறங்கிய பின் சாதி பார்த்து வேறு வேறு லயங்களில் வைத்தபோது, அதை நியாயம் என்று ஏற்று, தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தவர் யார்? இவற்றைச் சொல்லாமல் எழுதப்படும் தோட்ட வரலாறு பாதி வரலாறு. பாதி வரலாறு முழுப்பொய்யைவிடத் தீங்கானது, ஏனெனில் அதை நம்பத் தோன்றும்.

மறைப்பதால் மானம் நிலைக்கிறது என்று கருதுவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். ஒரு குற்றத்தை மறைத்தால் அதன் பழி காற்றில் கரைவதில்லை. எளியவர் ஒருவர் தலையில் போய் இறங்கும். அங்கே பையூட் மக்கள் தலையில் இறங்கிற்று. இங்கே அது தோட்டத் தொழிலாளியின் தலையில் இறங்கியிருக்கிறது. தமிழன் ஏன் முன்னேறவில்லை என்றால் "குடித்தே கெட்டான்" என்று படித்த தமிழரே விடை தருகின்றனர். தோட்டத்திற்குள் உரிமம் பெற்ற கள்ளுக்கடையை நடத்த விட்டவர் யார், கூலியைக் கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி வைத்தது எப்படி, 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடிழந்தோர் எத்தனை பேர், 1969இல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது இங்கேயே பிறந்தும் சிவப்பு அட்டையோடு நின்றவர் எங்கே போயினர் என்னும் கேள்விகளுக்கு விடை எழுதப்படாததால், துரை சொன்ன பழியையே பேரன் தன் பாட்டன் மீது சொல்கிறான். வரலாறு இல்லாத சமுதாயத்திற்கு வாய்ப்பது பிறர் எழுதிக் கொடுத்த வசை.

சுங்கை சீப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடலுக்கு மாற்றாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். அதைப் போற்றும் உரைகள் மிகுதி. ஆனால் அப்பணத்தைக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த பெண்கள் எதைக் குறைத்து அதைக் கொடுத்தனர், யார் மறுத்தனர், ஏன் மறுத்தனர் என்று அவர்களிடமே கேட்டு எழுதியவர் எத்தனை பேர்? தலைவரைப் பாராட்டும் பேச்சுக்கூட உண்மையறிந்து பேசப்படுமானால்தான் தலைவர்க்குப் பெருமை.

"சிறுபான்மையினர் குறையைப் பெரும்பான்மையினர் பயன்படுத்திக் கொள்வர்" என்பர். இவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் குறையைத் தாமே நேர்மையாக எழுதி, காரணத்தையும் சூழலையும் விளக்கி வைத்த சமுதாயத்தைப் பிறர் பழிப்பது கடினம். மூடி வைத்த சமுதாயத்தைப் பற்றி யார் எதையும் எழுதலாம். தமிழர் எழுதாவிடின் அயலார் எழுதுவர். அவர்கள் எழுதும்போது பட்டியல் எழுதிய கிராணியின் நடுங்கிய கை தெரியாது. பட்டியல் மட்டுமே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. குற்றம் செய்தவரின் பேரனைக் கூண்டில் ஏற்றுவது வரலாற்றின் வேலையன்று. ஜுவானிட்டா அதைச் செய்யவில்லை. ஒருவர் வாய்மொழியை மட்டும் நம்பி ஒருவர் பெயரை அச்சிலேற்றுவது அவதூறு. பலர் சொல்லை ஒப்பிட்டு, ஏட்டோடு வைத்துப் பார்த்து, எதிர்ச்சான்றையும் மறைக்காமல் கொடுப்பதே வரலாறு. ஆர்வலர்க்கு இந்த ஒழுங்கு கல்லூரியில்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையும் நேர்மையும் உள்ள தமிழாசிரியர், ஓய்வு பெற்ற கிராணி, தொழிற்சங்கச் செயலாளர், மருத்துவமனைத் தாதி யாராயினும் கைக்கொள்ளலாம்.

எழுத்தாளர் சங்கங்கள் கவிதைப் போட்டியும் சிறுகதைப் போட்டியும் நடத்துகின்றன. நடத்தட்டும். அவற்றோடு, பேராக்கின் ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்துத் தோட்டங்களின் பட்டியலை எழுதட்டும்: எப்போது திறந்தது, யார் கைக்கு மாறிற்று, எப்போது செம்பனைக்கோ வீட்டுமனைக்கோ இரையாயிற்று, மக்கள் எங்கே குடிபெயர்ந்தனர். தெலுக் இந்தானிலும் பாகான் டத்தோவிலும் சித்தியவானிலும், தோட்டம் விட்டு வந்து ஈப்போவின் புந்தோங்கில் குடியேறியோரிடையிலும் முதியோரின் சொல்லைப் பதிவு செய்யட்டும். தமிழ்ப்பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளைக் கரையானுக்கு முன் படியெடுக்கட்டும். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களில் தோட்டச் செய்திகளைத் தேடட்டும். படியொன்று சங்கத்திலும் மற்றொன்று தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கட்டும். இவற்றுக்குப் பட்டமும் வேண்டாம்; மானியமும் முதலில் வேண்டாம். கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யக் கூடிய காலம் இது. மோர்மன் மக்களுக்கு ஜுவானிட்டா வாய்த்ததற்கு ஒரு காரணம், அவர்களுடைய பாட்டன்மார் நாட்குறிப்பு எழுதியிருந்தனர். தோட்டத் தமிழரின் பாட்டன்மாருக்கு எழுத்தறிவு கொடுக்கப்படவில்லை. அவர்களுடைய நாட்குறிப்பு அவர்களுடைய நாவிலேயே இருந்தது. நா அடங்கினால் ஏடும் எரிந்தது.

மரண ரயிலுக்கு ஆள் பிடித்தபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவன் இன்று தொண்ணூறைக் கடந்த கிழவன். அத்தகையோர் மிகச் சிலரே எஞ்சியிருப்பர். துண்டாடலின்போதும் 1969இலும் இளைஞராக இருந்தோர் இன்னும் சில ஆண்டுகள் இருப்பர். அவர்களில் ஒருவர் ஒரு நாள் ஓர் ஆசிரியரின் வீட்டு வாசலில் வந்து, சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, எழுதிக்கொள்கிறாயா தம்பி என்று கேட்கக்கூடும். அன்றைக்கு அவருக்குக் குடமுழுக்கு மலரின் மெய்ப்பு திருத்தும் வேலை இருக்கலாம். தலைவரின் வாழ்த்துச் செய்தி வந்து சேராமல் இருக்கலாம். மலர் ஒரு வாரம் தாழ்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. முதியவரை அமர வைத்து, முதலில் அவர் பெயரையும், அவர் தந்தை பெயரையும், தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொள்வதே முறை.